மறதி என்று ஒதுக்கிவிடலாமா?

(மருத்துவமனை நண்பர்கள் ஆண்டுக் கூட்டத்தில் எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சென்ற ஆண்டு இதே கூட்டத்தில் எச்.ஐ.வி. மருந்துகளைப் பற்றிப் பேசினேன். பேச்சு முடிந்து தேநீர் அருந்தும்போது பல்லாண்டுகளாக நமக்கு உதவிவரும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "டாக்டரம்மா, மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அதை நேரத்துக்கு எடுத்து வாயில் போட்டுக்கொள்ளக்கூட இவர்களால் முடியாதா? குடித்துவிட்டுத் திரிகிறவனுக்கெல்லாம் நாம் ஏன் செலவு செய்யவேண்டும்?" என்று கேட்டார். மனதில் பட்டதை ஒளிக்காமல் கேட்டார். பலர் மனதிலும் இருக்கிற கேள்விதான். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் அதற்கு இல்லாதபடியால் இன்றைய நேரம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். அது 1986-ம் ஆண்டு. டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி நிர்மலா அவர்களும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. அதன் பின்பு வெகு காலம் எங்கள் வேலை பெரும்பாலும் வலியைக் குறைப்பதும் அருகில் இருப்பதுமாகவே இருந்தது. 2004 ஏப்ரல் 1-ம் தேதி அரசு இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கியபோது நிலைமை மாறியது. முதலில் தொடங்கிய ஒருசில மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இப்பொழுது பெரும்பாலானவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காக எடுத்தால் மற்றவர்களைப் போலவே நீண்ட ஆயுள் வாழலாம்.

அந்த "ஒழுங்காக" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. ஒழுங்காக எடுப்பதற்கு ஓர் உறுப்பு ஒத்துழைக்கவேண்டும். அது மூளை. மூளையே நலிந்துபோனவரிடம் "ஏன் மறந்தாய்?" என்று கேட்பது, கால் முறிந்தவரிடம் "ஏன் நடந்து வரவில்லை?" என்று கேட்பதைப் போன்றது.

எச்.ஐ.வி. கிருமி உடலுக்குள் புகுந்த சில வாரங்களிலேயே மூளையை எட்டிவிடுகிறது. இரத்தத்தில் ஓடும் ஒருவகை வெள்ளணுக்களுக்குள் மறைந்துகொண்டு போகிறது. அங்கே நரம்பணுக்களை அது நேராகத் தாக்குவதில்லை. மூளைக்குக் காவலாக இருக்கிற அணுக்களில் குடியேறிவிடுகிறது. காவலே கெட்டுப்போய், அவை கசியவிடுகிற நச்சுப் பொருட்களால் பக்கத்திலுள்ள நரம்பணுக்கள் வாடுகின்றன. வயதானவர்களுக்கு வரும் மறதியில் பேரப்பிள்ளையின் பெயரே மறந்துபோகும். இது அப்படியல்ல. பெயர், ஊர் எல்லாம் நினைவிருக்கும். வேகம் குறையும். இரண்டு வேலையை ஒருசேரச் செய்ய வராது. கணக்கு தடுமாறும். தானாக எதையும் தொடங்க மனம் எழாது. வீட்டார் இதைச் சோம்பல் என்பார்கள், அல்லது திமிர் என்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய பரிசோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் உகாண்டாவிலும் செய்துபார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். காகிதமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். உங்களிடமே செய்து காட்டுகிறேன். நான்கு சொற்கள் சொல்கிறேன்: நாய், தொப்பி, அவரை, சிவப்பு. எல்லோரும் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். நல்லது. சற்று நேரம் கழித்துக் கேட்பேன். இதற்கிடையில் ஐந்து விநாடிக்குள் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் எத்தனை முறை தட்டமுடியும் என்று பார்ப்போம். பிறகு கையை முஷ்டியாகவும், உள்ளங்கை படியவும், பக்கவாட்டில் நிமிர்த்தியும் மேசைமேல் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வோம். மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேற்கொண்டு ஆராயவேண்டும் என்று பொருள். மூளை கெட்டுவிட்டது என்று அல்ல, ஆராயவேண்டும் என்று மட்டுமே.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது, மறதியும் இருக்கிறது, ஆகவே எச்.ஐ.வி.யால்தான் மறதி என்று எழுதிவிடுகிறார்கள். குடிப்பழக்கமும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குடியினால்தான் என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். இரண்டுமே ஓரளவு உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் அந்த அரை உண்மைக்குப் பின்னால் முற்றிலும் குணப்படுத்தக்கூடிய மூன்றாவது காரணம் ஒன்று ஒளிந்திருக்கலாம். அதைத் தேடாமல் விட்டால் ஓர் உயிர் போகும்.

அமெரிக்காவில் ஆறு பல்கலைக்கழக மையங்களில் எச்.ஐ.வி. உள்ள 1,555 பேரைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று 2010-ல் வெளிவந்தது. கடுமையான மறதி நோய் 100-க்கு 2 பேரிடம் மட்டுமே இருந்தது. இது மருந்துகளினால் கிடைத்த நன்மை. ஆனால் நுட்பமான சோதனைகளில் ஏதோவொரு குறைபாடு 100-க்கு 52 பேரிடம் தெரிந்தது. இதைவிட முக்கியமான செய்தி, அவர்களைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. வேறு கோளாறுகள் அதிகமில்லாதவர்களிடம் இந்தக் குறைபாடு 100-க்கு 40 பேருக்கு. தலைக்காயம், போதைப் பழக்கம், மற்றத் தொற்றுகள் போன்றவை ஓரளவு சேர்ந்தவர்களிடம் 59 பேருக்கு. அவை கடுமையாக இருந்தவர்களிடம் 83 பேருக்கு. நம் ஊர் எண்கள் வேறாக இருக்கலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவருக்கும் பட்டதாரிக்கும் ஒரே அளவுகோல் வைக்கக்கூடாது என்பதும் உண்மை. ஆனாலும் இந்தப் படிக்கட்டைக் கவனியுங்கள். கிருமி ஒன்றுதான். அதன் தோளில் ஏறிக்கொள்ளும் பாரம் கூடக்கூட மூளை இறங்குகிறது.

அந்தப் பாரங்களில் நம் நாட்டில் முதலாவது டி.பி. நுரையீரலில் மட்டும் வருகிற வியாதி என்றே பலர் எண்ணுகிறார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையிலும் அது வரும். அப்படி வரும்போது இருமல் இல்லாமலே இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் விடாத தலைவலி, மாலையில் இலேசான காய்ச்சல், பசியின்மை, பிறகு சுபாவத்தில் ஒரு மாற்றம் என்று மெதுவாக வரும். இரண்டாவது ஒருவகைப் பூஞ்சை. மண்ணிலும் புறா எச்சத்திலும் இருக்கும். நம்மை ஒன்றும் செய்யாது. சி.டி.4 என்கிற எதிர்ப்பணுக்கள் 100-க்குக் கீழே இறங்கியவருக்கோ மூளையுறையில் இறங்கிவிடும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளும் சோதனை இப்பொழுது இருக்கிறது. மூன்றாவது டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி. எப்போதோ உடலில் புகுந்து உறங்கிக் கிடந்தது, எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் விழித்துக்கொள்ளும். வலிப்பும் ஒரு பக்கக் கைகால் பலவீனமும் வரும். இதற்கு விலை மலிவான கோட்ரிமாக்சசோல் மாத்திரையே நல்ல மருந்து. வராமல் தடுப்பதற்கும் அதுவேதான்.

சிபிலிஸ் என்கிற பரங்கிப்புண் மூளையைத் தாக்குவதைப் பாட்டன் காலத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். எச்.ஐ.வி. வந்த வழியாகவே அதுவும் வருகிறது. பெனிசிலின் ஊசிக்கு இன்னும் கட்டுப்படுகிறது. பகிர்ந்துகொண்ட ஊசியால் வரும் ஹெப்படைட்டிஸ் சி, ஈரலைக் கெடுப்பதற்கு முன்பே சிந்தனையை மந்தமாக்கக்கூடும். முன்பு அதற்கு ஓராண்டு ஊசி போட்டும் பாதிப் பேர் குணமடையவில்லை. இப்பொழுது பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரை போதும். 100-க்கு 90 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசே இலவசமாகத் தருகிறது.

சரி, அந்த நான்கு சொற்கள் என்ன? (அவையில் பலர் சொல்கிறார்கள்.) அவரையை விட்டுவிட்டீர்கள்! இந்த அறையில் வைரஸ் ஒன்றும் வேலை செய்யவில்லை. மதியச் சாப்பாடு மட்டுமே வேலை செய்கிறது. களைப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு இவையும் இந்தச் சோதனையைக் கெடுக்கும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனிப் பெரியவர் கேட்ட குடியைப் பற்றிச் சொல்லவேண்டும். நமது மாநிலத்தில் போதை என்றால் முதலில் மதுபானம். அது மூளையைக் கெடுக்கிற வழி ஒன்றல்ல. குடிக்கிறவர் சோற்றைக் குறைக்கிறார். சாப்பிடுகிற கொஞ்சத்திலிருந்தும் வைட்டமின் பி1 சரியாக உடலில் சேராது. அந்தச் சத்து தீர்ந்துபோனால் கண் நிலைகுத்தும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். பார்க்கிறவர்கள் "இன்னும் போதை தெளியவில்லை" என்று மூலையில் படுக்கவைத்துவிடுவார்கள். அல்லது தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவார்கள். பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்ச நஞ்சமும் செலவாகி நிலைமை மோசமாகலாம். அந்த ஊசியின் விலை மிகக் குறைவு. உரிய நேரத்தில் போட்டால் மனிதர் தப்புவார். தவறவிட்டால் நேற்று நடந்தது இன்றைக்கு நினைவில்லாத நிரந்தர நிலைக்குப் போய்விடுவார்.

அது தவிர, குடித்துவிட்டு விழுந்து தலையில் அடிபட்டு, மண்டைக்குள் மெதுவாக இரத்தம் கசிந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. அடிபட்டதே அவர்களுக்கு நினைவிராது. ஈரல் கெட்டு, அதனால் மூளை மயங்குகிறவர்களும் உண்டு.

சென்னையில் 1990-களில் பிரவுன் சுகர் புகைத்துவந்த பலர், புப்ரினார்ஃபின் என்ற வலி மருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு மாறினார்கள். தூக்க மருந்தையும் அதில் கலந்தார்கள். தூக்க மருந்து நினைவைக் கெடுக்கும். அளவு மீறினால் மூச்சு நின்று, பிழைத்தாலும் மூளை பிராணவாயு இல்லாமல் அடிபடும். மணிப்பூரில் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹெராயின் ஊசி வழியாக எச்.ஐ.வி. எத்தனை வேகமாகப் பரவியது என்பதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். இதில் ஒரு விநோதம் உண்டு. அதே புப்ரினார்ஃபின், மருத்துவர் மேற்பார்வையில் நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையாகத் தரப்படும்போது, ஊசியை விட்டு வெளியே வர உதவுகிறது. மருந்தும் நஞ்சும் ஒரே பொருள்தான்.

இவையெல்லாம் ஒரே மனிதரிடம் எப்படிச் சேர்கின்றன என்று காட்ட, ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் ஒருவர் அல்லர். நாங்கள் பார்த்த பலரை ஒருவராகச் சேர்த்துச் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவர் யாரென்று வெளியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் சொல்லமாட்டோம்.

கொத்தனார். நாற்பது வயதைத் தாண்டியவர். ஆறு வருடமாக மாத்திரை எடுத்துவருகிறார். சாயங்காலம் ஒரு குவாட்டர் இல்லாமல் வீட்டுக்கு வரமாட்டார். சில மாதங்களாக மாத்திரை டப்பாவில் மீதி இருக்கிறது. "ஒத்துழைப்பு இல்லை" என்று அட்டையில் எழுதியாகிவிட்டது. மனைவிதான் ஒருநாள் அழைத்துவந்தார். "மேடம், இவர் முன்னே மாதிரி இல்லை. நூல் பிடித்துச் சுவர் கட்டுவதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போது செங்கல் எத்தனை வேண்டும் என்று கணக்குச் சொல்ல வரவில்லை. மேஸ்திரி வேலைக்கு வேண்டாம் என்றுவிட்டார். பிள்ளைகள் பேசினால்கூட ஏன் என்று கேட்பதில்லை" என்றார். தலைவலி உண்டா என்று கேட்டோம். "அது குடிக்கிற தலைவலிதானே, மூன்று வாரமாக இருக்கிறது" என்றார்.

மூன்று வாரம் இருக்கிற தலைவலியைக் குடித்த தலைவலி என்று விட்டுவிட முடியாது. முதலில் பி1 ஊசி போட்டோம். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முதுகில் நீர் எடுத்தோம். இதற்கு மிகவும் பயப்படுகிறார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் வராது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நர்ஸ் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசின பிறகே சம்மதித்தார். அந்த நீரில் அணுக்கள் கூடியும் சர்க்கரை குறைந்தும் இருந்தன. டி.பி. கிருமியும் அகப்பட்டது. டி.பி. மருந்தோடு, மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டும் தொடங்கினோம். டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மாத்திரையிலுள்ள டோலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். ஆகவே அந்த மருந்தை மட்டும் நாளுக்கு இருவேளையாக மாற்றவேண்டும். மறதி உள்ளவருக்கு மாத்திரை கூடுகிறது பாருங்கள்! அதனால் பொறுப்பை மனைவி கையில் கொடுத்தோம்.

அவர் மாத்திரையை விட்டதற்கு இன்னொரு காரணமும் பேச்சில் வெளிவந்தது. குடித்த அன்று மாத்திரை போட்டால் விஷமாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் குடிக்கிற நாளெல்லாம் மாத்திரையை ஒதுக்கியிருக்கிறார். மற்ற நாடுகளிலும் நோயாளிகளிடம் இந்த எண்ணம் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இந்தச் சபையில் இதைச் சொல்வது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். இருந்தாலும் சொல்கிறேன். குடிக்கவேண்டாம் என்று நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் குடித்திருந்தாலும் அன்றைய எச்.ஐ.வி. மாத்திரையை எடுக்கத்தான் வேண்டும். "குடித்துவிட்டு வந்தால் மருந்து கிடையாது" என்று விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விரட்டினால் அவர் குடியை விடுவதில்லை. மாத்திரையைத்தான் விடுகிறார். கிருமி பெருகுகிறது, மூளை இன்னும் மந்தமாகிறது, மந்தமான மூளை மறுபடி மறக்கிறது.

நிறுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டாலும் சரி, ஜெபக்கூட்டத்தில் வாக்குக் கொடுத்தாலும் சரி, தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியலாம். பேய் பிடித்தது என்று பயப்படவேண்டாம். இது உயிரை வாங்கக்கூடிய நிலை. அவருக்கு அப்போது வேண்டியது மருத்துவமனைக் கட்டில். நிறுத்த முடிவு செய்தவரை அந்த முதல் வாரம் எங்களிடம் அனுப்புங்கள்.

நமது கொத்தனார் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். தலைவலி போயிற்று. இரண்டு மாதத்தில் பிள்ளைகளோடு பேசத் தொடங்கினார். மறுபடி கரணை பிடித்தார். ஆனால் கணக்கு முன்போல் வரவில்லை. செங்கல் கணக்கை இப்போது மூத்த மகள் எழுதிக்கொடுக்கிறாள். குடி முற்றிலும் நின்றது என்று சொல்ல எனக்கு ஆசை. இரண்டு முறை நின்று, இரண்டு முறை திரும்பியது. மூன்றாம் முறை நின்றிருக்கிறது. போன வருகையில் நான்கு சொற்களில் மூன்றைச் சொன்னார். சிவப்பு என்பதற்கு ஒரு குறிப்புக் கொடுக்கவேண்டியிருந்தது.

எச்.ஐ.வி. மாத்திரையை அரசு தருகிறது. அதற்கு உங்கள் பணம் வேண்டியதில்லை. நீங்கள் அனுப்புவது எதற்கு ஆகிறது என்றால், பூஞ்சையைக் காட்டும் அந்தச் சோதனை அட்டைகளுக்கு, ஸ்கேனுக்கு, பஸ் கட்டணம் இல்லாதவர்களுடைய பயணச்செலவுக்கு, ஓர் ஆளிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுகிற ஆலோசகரின் சம்பளத்துக்கு. கடைசியில் சொன்னதுதான் அதிகச் செலவு. அதைக் குறைக்க எனக்கு மனமில்லை.

உங்கள் தெருவில், உங்கள் உறவில் இப்படி ஒருவர் இருக்கலாம். அவருக்கு எச்.ஐ.வி. உண்டா என்று நீங்கள் ஆராயவேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தலைவலி, புதிதாக வலிப்பு, திடீரென்று சுபாவ மாற்றம், வழக்கமான வேலையில் தடுமாற்றம் இவற்றில் ஒன்றைக் கண்டால் அழைத்து வாருங்கள். குடித்திருந்தாலும் அழைத்து வாருங்கள். வரும்போது அவரோடு தினமும் இருக்கிற ஒருவரும் கூட வரட்டும். ஏனென்றால் என்ன மாறியது என்று அவரால் சொல்லமுடியாது. பழைய சீட்டுகளையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். புறநோயாளர் பிரிவு காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. வலிப்பும் மயக்கமும் என்றால் எந்த நேரமானாலும் வரலாம்.